ஞாயிறு காலைக் காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

வணக்கம் நண்பர்களே,

மதுரையில் போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்திய காலைக் காட்சி நல்லபடியாக முடிந்தது. பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள், வீல்சேரில் வருபவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், திருநங்கைகள், நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வந்த குடும்பங்கள், தியேட்டர் படியேறுவதையே விட்டுவிட்டிருந்த தாத்தா பாட்டிகள், இவர்களோடு எப்போதும் வரும் சினிமா ரசிகர்கள் என்று எல்லாரும் ஒரே அரங்கில் ஒரே படத்தைப் பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் குழுவுக்குப் பாராட்டாக வந்து குவிகிறது. அந்தப் பாராட்டுக்கு உரியவர்கள் வேறு. பாதிப் பேர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடாமல் எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி ஆபரேட்டர் அண்ணனுக்கு. ஒரே அரங்கில் எல்லாரையும் உட்கார வைப்போம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அதில் உள்ள சிக்கலை முதலில் பார்த்தவர் அவர்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சத்தம் குறைய வேண்டும், காது சரியாகக் கேட்காத பெரியவர்களுக்குச் சத்தம் கூட வேண்டும். எழுந்து நடக்கும் பிள்ளைகளுக்கு விளக்கு எரிய வேண்டும், பார்வை மங்கலானவர்களுக்கு இருட்டு இருந்தால்தான் திரை தெளியும். இரண்டு பக்கமும் நியாயம். ஒருவருக்குச் செய்தால் இன்னொருவருக்கு ஆகாது என்று வாதம் செய்து நேரம் போக்கியிருக்கலாம். அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தியேட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சவுண்ட் பிராசஸரில் தர அளவான 7-லிருந்து 4.5-க்கு இறக்கி வைத்துவிட்டு, காது சரியாகக் கேட்காதவர்களுக்கு மட்டும் ஹெட்போனில் நேரடியாக ஒலி போகும்படி ஒரு வயரைத் தனியாக இழுத்துக் கொடுத்தார். பின்வரிசைகளிலும் படிகளிலும் மட்டும் மங்கலாக விளக்கு, முன்பாதி முழு இருட்டு. விளம்பரங்களையும் டிரெய்லர்களையும் எடுத்துவிட்டார், ஏனென்றால் பிள்ளைகளைத் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் அவைதான்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இப்போது தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரிண்ட்டில் 16 ஒலித் தடங்களுக்கு இடம் உண்டு. அதில் 7-வது தடம் காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, 8-வது தடம் திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்லும் விவரிப்புக்கு என்று ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். அதாவது இடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்களுக்கு வந்த பிரிண்ட்டில் இரண்டும் காலி. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இந்த வசதிகளைச் சேர்க்க, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்றிதழ் பெறும் படங்களுக்கு ஆறு மாதம், மற்ற படங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அது நல்ல விஷயம், ஆனால் அதற்கு முன்னால் எடுத்த படங்களை யார் விவரிப்பது? நாம் பார்த்து வளர்ந்த படமெல்லாம் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. எங்கள் படமும் பழைய படம்தான். அதனால் நாங்களே எழுத வேண்டியிருந்தது.

அந்த எழுத்து வேலையைச் செய்த இரண்டு கல்லூரி மாணவிகளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. ஒலி விவரிப்பு என்றால் திரையில் நடப்பதை அப்படியே சொல்லிக்கொண்டு போவது என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு எளிதில்லை. வசனத்தின் மேல் பேசக் கூடாது. வசனம் இல்லாத இடத்தில் நம் படங்களில் பின்னணி இசை இருக்கும், அது முக்கியமான இசையாக இருந்தால் அதன் மேலும் பேசக் கூடாது. மிஞ்சுவது இரண்டு விநாடி, மூன்று விநாடி. அதற்குள் யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, யாரைப் பார்க்கிறார் என்று சொல்லியாக வேண்டும். பாட்டு வந்தால் இன்னும் கஷ்டம். உடை மாறுகிறது, இடம் மாறுகிறது, பாடல் வரியையும் மறைக்கக் கூடாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையில் கொஞ்சம் இடம் பிடித்து அதில் எழுதினார்கள்.

எழுதியதைத் திருத்திக் கொடுத்தவர் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பார்வையற்றவர். ஐயா, உங்களைப் போன்ற கண்டிப்பான எடிட்டர் எங்களுக்கு இனிமேல் கிடைப்பது சந்தேகம். 'அவள் சோகமாகப் பார்க்கிறாள்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, முகத்தில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள், சோகமா கோபமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன் என்றார். நிறங்களை விட்டுவிடலாமா என்று அந்தப் பெண்கள் கேட்டதற்கு, கூடவே கூடாது, நடுவயதில் பார்வை போனவர்களுக்கு நிறமெல்லாம் நினைவில் இருக்கிறது, பிறவியிலேயே இல்லாதவர்களும் சிவப்புச் சேலை என்றால் என்ன என்று ஊரில் பேசக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம் என்றார். அவர் சொன்னதிலேயே பெரியது சிரிப்பைப் பற்றியது. கண்ணால் மட்டும் புரியும் ஒரு நகைச்சுவைக் காட்சி படத்தில் உண்டு. விவரிப்பு அரை விநாடி பிந்தினால்கூட அரங்கம் சிரித்து முடித்த பிறகுதான் பார்வையற்றவர்கள் சிரிக்க முடியும். அந்த அரை விநாடியில்தான் நாங்கள் தனியாகிப் போகிறோம் என்றார். உடனே அந்த வரியைச் சுருக்கி, கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்கள். ஞாயிறன்று அந்தக் காட்சியில் அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் சிரித்தது. என்னைக் கேட்டால் அன்றைய நிகழ்ச்சியில் இதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

அந்த விவரிப்பை நேரலையாகப் பேசியவர் ஒரு நாடக நடிகர். ஆபரேட்டர் ரூமின் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டே, இடைவேளை தவிர வேறு ஓய்வே இல்லாமல் பேசினார். கேட்பதற்கு டூர் கைடுகள் வைத்திருப்பார்களே, அந்த வயர்லெஸ் இயர்போன் செட். அதை வாடகை வாங்காமல் கொடுத்த டிராவல்ஸ்காரருக்கும் நன்றி. புதிய படங்கள் சிலவற்றுக்கு செல்பேசி ஆப் வழியாகவே விவரிப்பு கிடைக்கிறது, அரங்கில் ஓடும் ஒலியைக் கேட்டு ஆப் தானாகவே சரியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். எங்களுக்கு நேரடிக் குரல்தான் வசதிப்பட்டது.

காது கேளாத நண்பர்கள் குழுவுக்கு அடுத்த நன்றி. சில தியேட்டர்களில் தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடும், அது தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த காது கேளாதவருக்கு எந்த வகையில் உதவும்? நாங்கள் தமிழிலேயே போட்டோம். யார் பேசுகிறார், கதவு தட்டப்படுகிறதா, தூரத்தில் ரயில் போகிறதா, பாட்டின் வரி என்ன, எல்லாம் திரையில் வர வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், இரண்டு வரிக்குள் அடங்க மறுக்கும். எங்கே குறைக்கலாம், எங்கே குறைத்தால் அர்த்தமே போய்விடும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொன்னவர்கள் இவர்கள்தான். சைகை மொழியே தாய்மொழி என்பவர்கள் அவர்களில் பலர், எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. அதனால் அறிமுகத்துக்கும் படம் முடிந்த பின் நடந்த உரையாடலுக்கும் இந்திய சைகை மொழியில் மொழிபெயர்ப்பு வைத்தோம். மாற்றி மாற்றி நின்று செய்த அந்த இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் கை சோர்ந்து போகும் வரை செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு விளக்கைத் திருப்பி வையுங்கள், இருட்டில் கை தெரியாது என்று முதலிலேயே சொன்ன தம்பிக்குத் தனி நன்றி.

வாசலில் இருந்த சாய்தளத்தைப் பலர் போட்டோ எடுத்தீர்கள். அதைச் செய்து கொடுத்தது ஒரு வெல்டிங் பட்டறை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அரசின் அளவு. வாசல் படி ஏழு அங்குலம், ஆகவே ஏழு அடி நீளம். இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் பின்னால் நின்று இருவர் தள்ள வேண்டிவரும், வீல்சேரில் இருப்பவர் தன் கையாலேயே ஏற முடியாது. பட்டறைக்காரர் இதைக் கேட்டதும் மழையில் வழுக்காத செக்கர் பிளேட் போட்டு, இரண்டு ஓரத்திலும் சக்கரம் இறங்காதபடி விளிம்பும் வைத்துக் கொடுத்தார். இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார். உள்ளே நடுவரிசையின் ஓரத்தில் மூன்று சீட்டுகளைக் கழற்றி இடம் விட்ட மேனேஜர் சாருக்கும் நன்றி. வீல்சேரில் வருபவரைத் திரைக்கு முன்னால் கழுத்து வலிக்க உட்கார வைப்பது, அல்லது சீட்டுக்கு மாற்றிவிட்டு வீல்சேரைக் கொண்டுபோய் வெளியே எங்கேயோ வைப்பது, இரண்டும் அன்று நடக்கவில்லை.

வாசலில் நின்ற ஊழியர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்த வீடியோவை நாம் எல்லாரும் பார்த்தோம். அதைப் பார்த்தவர்கள் குடியிருப்பிலும் இருக்கிறார்கள், மறந்துவிடவில்லை. வாங்க என்று நாங்கள் கூப்பிட்டால் மட்டும் நம்புவார்களா? அதனால் டிக்கெட் கிழிக்கும் அண்ணனே எங்களோடு குடியிருப்புக்கு வந்தார். வாசலில் நான்தான் நிற்பேன், என்னைத் தேடி வாங்க என்று சொன்னார். வந்தார்கள். சொன்னபடியே நின்றார். வேறு எந்த அழைப்பிதழாலும் இது நடந்திருக்காது.

சோதனை வரிசையில் ஆண் பக்கமா பெண் பக்கமா என்று திருநங்கைகளை நிற்க வைத்துக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அவர்களே தங்கள் வரிசையில் நின்றார்கள், பெண் காவலாளி அக்கா மற்ற பெண்களைப் பார்த்த மாதிரியே பார்த்து அனுப்பினார். கீழ்த்தளத்தில் ஒற்றைக் கழிப்பறை ஒன்றைப் பூட்டாமல், யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்து வைத்தார்கள். தேசிய கீதம் ஒலிக்கவில்லையே என்று ஒருவர் கேட்டார். அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. 2016-ல் கோவாவில் ஒரு தியேட்டரில், கீதத்துக்கு எழுந்து நிற்கவில்லை என்று வீல்சேர் பயன்படுத்தும் ஒருவரை அடித்தார்கள். எழுந்து நிற்க முடியாதவர்கள் இத்தனை பேர் வரும் காட்சியில் அந்தப் பயத்தோடு யாரும் உட்கார வேண்டாம் என்று முடிவெடுத்தது தியேட்டர் நிர்வாகம்.

இலவசக் காட்சியாக வைக்கலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். மாற்றுத்திறனாளி நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் போலவே டிக்கெட் வாங்கி வருகிறோம், பிடிக்கவில்லை என்றால் காசு வீண் என்று திட்டும் உரிமையும் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். அது சரியென்றே எனக்கும் படுகிறது. உடன் வரும் உதவியாளருக்கு மட்டும் டிக்கெட் காசு வாங்கவில்லை. அந்தச் செலவை ஏற்றுக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர் பேனர் வைக்கக்கூட ஒப்பவில்லை.

படத்தின் உரிமையை வைத்திருக்கும் தயாரிப்பாளர் குடும்பத்துக்கும் நன்றி. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் ஒரு படைப்பை மாற்றித் தர, 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது. அப்படியும் நாங்கள் கேட்டோம், அவர்கள் ஒரே போனில் சரி என்றார்கள்.

அப்புறம், எப்போதும் வரும் ரசிகர்களே, உங்களுக்கு. ஒரு சிறுவன் படம் நெடுக ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தான், இன்னொரு பெண்பிள்ளை திரைக்கு முன்னால் போய் ஆடினாள். ஒருவர்கூடத் திரும்பி முறைக்கவில்லை, உச்சுக் கொட்டவில்லை. பிள்ளை பிறந்த பிறகு தியேட்டர் பக்கமே வராத அந்த அம்மா இடைவேளையில் என்னிடம் வந்து, இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியே வரவில்லை என்றார். அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது உங்களால்தான்.

கேன்டீனில் விலைப்பட்டியலைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்த தம்பிக்கும், படம் விட்டதும் மீட்டருக்கு மேல் கேட்காமல் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்ட ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கும் நன்றி. வீல்சேரை மடித்துப் பின்னால் கட்டுவது எப்படி என்று அவர்களுக்கு இப்போது மனப்பாடம்.

சாய்தளம் தியேட்டரிலேயே இருக்கும், கழற்றிய மூன்று சீட்டும் திரும்ப வராது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தமிழ் சப்டைட்டில் கோப்பும் விவரிப்பு எழுத்துப் பிரதியும் தயாரிப்பாளரிடமும் எங்களிடமும் இருக்கின்றன. திருச்சியிலோ நாகர்கோவிலிலோ வேறு எங்கேயோ இதே படத்தைப் போட நினைப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம், புதிதாக எழுத வேண்டியதில்லை. அடுத்த காட்சிக்கு இன்னும் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார், இருவருக்கு அது பெரிய பாரம். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
காட்சிக் குழுவிலிருந்து ஒருவர், மதுரை