மலைச் சைக்கிளில் சங்கிலி கழலாதிருக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதிகளில் சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவிலும் பூலாவ் உபின் தீவின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவிலும் நம் இளையர்கள் பலரைப் பார்க்க முடிகிறது. மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்கள் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான். “ஒற்றைச் சக்கரத்தில் சங்கிலி கழலாது, செயின் கைடு தேவையில்லை” என்று சொல்லியே பல வண்டிகள் விற்கப்படுகின்றன. (செயின் கைடு என்பது சங்கிலி பல்சக்கரத்தைவிட்டு நழுவாமல் தடுக்கும் சிறு கூடு.) பூங்கா இணைப்புப் பாதைக்கு அது பொருந்தும். வேரும் கல்லும் நிறைந்த இறக்கத்துக்குப் பொருந்தாது. எழுந்து நின்று மிதிக்கும்போது சங்கிலி கழன்றால் காலுக்குப் பிடிமானம் போய், உடம்பு அப்படியே முன்னால் விழும். பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 2012ல் ஸ்ராம் நிறுவனம் தன் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுப்போடு கொண்டுவந்த முன் பல்சக்கரத்தில் (இனி முன்சக்கரம்) ஒரு பல் ஒல்லியாகவும் அடுத்த பல் தடிப்பாகவும் மாறி மாறி வரும். சங்கிலியில் ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல். தடித்த பல் அகலக் கண்ணியை நிறைத்துப் பிடிப்பதால் சங்கிலி பக்கவாட்டில் நழுவ இடமில்லை. பின்னால் உள்ள கியர் மாற்றியின் கிளட்ச், சங்கிலி துள்ளாமல் இழுத்துப் பிடிக்கிறது. இவை இரண்டும் புதிதாக இருக்கும்வரை கைடு இல்லாமலும் ஓட்டலாம். நம் ஊர் மழையும் செம்மண் சேறும் பற்களைத் தேய்த்துவிடும். தடித்த பல் ஒல்லியானபின் அதற்கும் சாதாரணப் பல்லுக்கும் வேறுபாடில்லை.

ஆகவே கைடு வாங்குமுன் சங்கிலி ஏன் கழல்கிறது என்று பாருங்கள். ஷிமானோ கியர் மாற்றியில் கிளட்ச்சை நிறுத்த ஒரு சிறு நெம்பு உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் அதை மீண்டும் போட மறந்துவிடுவார்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, அளவுகோலை வைத்துச் சங்கிலியைப் பாருங்கள்: 11, 12 கியர் வண்டிகளில் 0.5 விழுக்காடு நீண்டிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முன்சக்கரப் பற்கள் சுறாத் துடுப்புபோல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். சங்கிலியைத் திரும்பப் போடும்போது தடித்த பல் அகலக் கண்ணிக்குள் இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் சங்கிலி பல்லின் உச்சியில் ஏறி நிற்கும், முதல் மிதியிலேயே விழும். இத்தனையும் சரியாக இருந்தும் கழன்றால்தான் கைடு.

எந்தக் கைடு என்பதை வண்டியின் சட்டம்தான் (ஃபிரேம்) முடிவு செய்கிறது. கிராங்க் (மிதிகட்டையைத் தாங்கும் கை) அச்சு செல்லும் குழாயைச் சுற்றி மூன்று மரைத் துளைகளுடன் சிறு காதுகள் இருந்தால் அது ஐஎஸ்சிஜி பொருத்துமுறை. பழைய அளவில் துளைகள் 59 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் இருக்கும்; இன்று பரவலாக உள்ள ஐஎஸ்சிஜி 05ல் 73 மில்லிமீட்டர். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. காதுகள் இல்லாத சில சட்டங்களில் இருக்கைக் குழாயின் அடியில் மரைத் துளை இருக்கும், அதற்கென்றே கைடு உண்டு. குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டை வகை 31.8, 34.9 மில்லிமீட்டர் அளவுகளில் கிடைக்கும். கார்பன் குழாயில் அதை இறுக்கக்கூடாது, நசுங்கிவிடும்.

நான்காவது வகை, கிராங்க் அச்சின் பேரிங் கிண்ணத்துக்கும் சட்டத்துக்கும் இடையே தகடு நுழைப்பது. கிண்ணம் மரையில் ஏறும் சட்டத்துக்கு மட்டுமே இது ஆகும், அழுத்திச் செருகும் வகைக்கு ஆகாது. அதிகத் தவறு நடப்பதும் இதில்தான். தகடு 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. அது வலப்பக்க ஸ்பேசருக்கு (இடைவெளி நிரப்பும் வளையம்) பதிலாக உட்கார வேண்டும். ஸ்பேசரையும் விட்டுவைத்தால் முன்சக்கரம் அதே அளவு வெளியே தள்ளிப்போகும். இடக்கை கிராங்க் அச்சில் முழுமையாக ஏறாது. ஷிமானோவில் சிறிய பிளாஸ்டிக் தடுப்பு அச்சின் துளையில் விழாமல் நிற்பது இதன் அறிகுறி. அந்நிலையில் ஓட்டவே கூடாது. மலைச் சைக்கிளின் வலக் கிண்ணம் இடமரை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் இறுகும். இறுகும்போது தகட்டையும் பின்னால் இழுக்கும். அதனால் தகட்டைச் சற்று முன்னே வைத்து இறுக்கத் தொடங்குவது நல்லது.

ஐஎஸ்சிஜி 05 பொருத்துவது அவ்வளவு சிக்கல் இல்லை. சங்கிலியைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி, கிளட்ச்சைத் தளர்த்தி, கிராங்க்கைக் கழற்றுங்கள். புதுச் சட்டங்களில் காதுத் துளைக்குள் பெயிண்ட் அடைத்திருக்கும். 1 மில்லிமீட்டர் மரைப்படி கொண்ட எம்6 டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றை மெல்ல ஓட்டி அந்தப் பெயிண்ட்டை அகற்றுங்கள். அகற்றாமல் போல்ட்டைத் திணித்தால் மரை போய்விடும். காது சட்டத்தின் ஓர் அங்கம். மரை போனால் கைடு அல்ல, சட்டம் பழுது. போல்ட்டில் நீல மரைப்பசை ஒரு சொட்டு போதும். அது அதிர்வில் கழலாமல் காப்பதோடு, உபினுக்குப் படகில் போகும்போது படும் உப்புநீரும் மரைக்குள் இறங்காமல் தடுக்கும். மூன்று போல்ட்டுகளையும் கையால் மட்டும் இறுக்கி, கிராங்க்கை அதற்குரிய டார்க்கில் (இறுக்கும் விசையின் அளவு) பூட்டுங்கள். ஷிமானோவின் இடக் கிராங்க்கில் உள்ள இரு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். ஸ்ராமின் டப் வகைக் கிராங்க்கின் ஒற்றைப் போல்ட்டுக்கு 54.

இனிப் பொறுமை வேண்டிய வேலை. சங்கிலியை மாட்டி, பின்னால் நடுக் கியரில் வைத்து மேலிருந்து பாருங்கள். சங்கிலி கைடின் நடுவே ஓட வேண்டும். பிறகு மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் மாற்றிப் பாருங்கள். 10 பல் முதல் 52 பல் வரை உள்ளது போன்ற அகலமான தொகுப்பில் பெரிய கியருக்குப் போகும்போது சங்கிலி நன்றாக உள்ளே சாயும். அங்கே உள்தகட்டில் உரசினால் காதுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள வாஷரில் ஒன்றை எடுத்துவிடுங்கள், கைடு உள்ளே நகரும். சிறிய கியரில் வெளியே உரசினால் ஒன்று சேருங்கள். வாஷர் சேர்த்தால் போல்ட்டும் நீளமாக வேண்டும். குறைந்தது 6 மில்லிமீட்டர் மரை பிடித்திருக்க வேண்டும். மிஞ்சிய நீளம் காதுக்குப் பின்னால் துருத்தி, பின் ஷாக் (அதிர்வுதாங்கி) உள்ள வண்டியில் சட்டத்தின் அசையும் பின்பகுதியைக் கீறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில், கைடின் கூரைக்கும் சங்கிலிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் விடுங்கள். நீள்வட்டச் சக்கரமானால் அதன் மிக உயர்ந்த இடம் மேலே வரும்படி திருப்பி வைத்து அளக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை தட்டும். பின் ஷாக்கின் காற்றை இறக்கி, வண்டியை முழுவதும் அமுக்கி, கைடின் பின்விளிம்பில் சங்கிலி படுகிறதா என்றும் பாருங்கள். நின்ற நிலையில் சரியாக இருந்த கைடு பாதையில் இரையக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லாம் ஒத்துவந்தபின் கைடுடன் வந்த தாளில் உள்ள டார்க்கிற்கு இறுக்குங்கள்.

மேல் கைடு மட்டும் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். முன்னோக்கி மிதிக்கும்போது சங்கிலி பற்களில் ஏறும் இடம் சக்கரத்தின் மேற்பக்கம். பிடிக்க வேண்டியதும் அங்கேதான். பின்னோக்கிச் சுற்றும்போது அது கீழிருந்து ஏறும். அந்த வேலையைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். பந்தயத்தில் ஓடாத இளையருக்குச் சங்கிலியைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் உருளை தேவையில்லை. அது உரசலையும் சேற்றையும்தான் கூட்டும். ஆனால் மரக்கட்டைகளைத் தாண்டிப் பழகுபவர்கள் அதே காதுகளில் முன்சக்கரத்துக்குக் கீழே பொருந்தும் காப்புத் தகட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டையில் இடித்து ஒரு பல் வளைந்தால் எந்தக் கைடும் உதவாது.

சைக்கிள் விற்போருக்கு ஒரு வேண்டுகோள். வண்டியின் விவர அட்டையில் எடை, கியர் எண்ணிக்கையோடு சட்டம் எவ்வகைக் கைடை ஏற்கும் என்ற ஒரு வரியையும் எழுதுங்கள். பெற்றோரும் பணம் கொடுக்குமுன் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கிராங்க்குக்குப் பின்னால் அந்த மூன்று காதுகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர்,
புக்கிட் பாஞ்சாங்