ஸ்கோரர் மேசையில் எனக்கு இருந்த நாற்காலி: போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர்,
ஜூன் 20

ஞாயிறு லீக் ஹாக்கிப் போட்டிக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் ஸ்கோர் தாளைப் போலவே கட்டம் போட்டு, எங்களோடு வேலை செய்கிற பெண்களுக்குக் கணக்கு எழுதிச் சுற்றவிட்ட அந்தத் தாள் விஷயத்தை நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. உங்களில் ஆறு பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தீர்கள். இரண்டு பேர் சிரித்தீர்கள். ஒருவர் மட்டும் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, ஆட்டம் முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "இது உங்களுக்குத் தெரியணும்மா" என்றார். அவருக்கு நன்றி.

நான் வேலை செய்கிற நிறுவனத்தில் கொடுத்த புகாரில் என்ன எழுதினேன், விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நான் விதியைப் படித்துவிட்டு ஆட்டம் பார்க்கிறவள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. என் பெயர் இல்லாவிட்டாலும் நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்த பெண் நான் ஒருத்திதான். தாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். புகாருக்கு முன்பே அது மைதானத்தில் பத்துக் கை மாறிவிட்டது.

கேட்பது ஒன்றுதான். விசாரணை முடியும்வரை மேசையை விட்டு விலகி இருக்கவேண்டியவர் புகாருக்கு ஆளான உங்கள் துணைத் தலைவர். நான் இல்லை. என் நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்த நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2021 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. நைட் ஷிஃப்ட் முடிந்து விடுதிக்கு வந்து, பல்கூட விளக்காமல், கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் ஒரு செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு எட்டுப் பேர் டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கிக் காலிறுதியைப் பார்த்தோம். எதிரே ஆஸ்திரேலியா. நமக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெனால்டி கார்னர். 22-ஆவது நிமிடத்தில் குர்ஜித் கவுர் அதைக் கோலாக்கினார். மிச்ச நேரம் முழுக்க சவிதா புனியா கோல் வாயில் நின்று தடுத்துக்கொண்டே இருந்தார். பதற்றம் தாங்காமல் சம்பளச் சீட்டைத் திருப்பிப் போட்டு, ஆஸ்திரேலியா நம் கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு கிழித்தேன். 1-0 என்று ஆட்டம் முடிந்தபோது சீட்டில் சம்பளக் கணக்கு தெரியவில்லை, அவ்வளவு கோடு. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4. எல்லாவற்றையும் எழுதினேன். இப்போது என்னிடம் எட்டு நோட்டு இருக்கிறது.

நம் லீக்குக்கு ஸ்கோரர் தேவை என்று நோட்டீஸ் போட்டபோது நான் வந்து நின்றேன். உங்களில் ஒருவர் சோதிக்கிறேன் பேர்வழி என்று, "ஆஃப்சைடு ரூல் என்ன, சொல்லும்மா பார்க்கலாம்" என்றார். ஹாக்கியில் ஆஃப்சைடை 90-களிலேயே எடுத்துவிட்டார்கள் சார் என்றேன். அப்படித்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. கேட்டவர் இன்றைக்கும் குழுவில் இருக்கிறார். அவரை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

இனி தாளுக்கு வருகிறேன்.

ஸ்கோர் தாளின் அமைப்பு நான் போட்டது. சட்டை எண், பெயர், வட்டத்துக்குள் நுழைந்தது, பெனால்டி கார்னர், தடுத்தது, அட்டை. கடைசியில் 'வானிலை' என்று ஒரு கட்டம். எந்த ஊர் ஸ்கோர் தாளிலும் அது இருக்காது. நம் ஓசூரில் மூன்று மணிக்கு வெயில் அடிக்கும், நான்கு மணிக்கு மழை கொட்டும். செம்மண் தரையில் பந்து நின்றுவிடும். அந்த மழையைக் கணக்கில் எடுக்காவிட்டால் கோல் கணக்குக்கு அர்த்தமே இல்லை என்று நானாகச் சேர்த்த கட்டம் அது.

என் கைக்கு வந்த தாளில் அதே கட்டங்கள்தான் இருந்தன. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் உற்பத்தி லைனில் வேலை செய்கிற பெண்களின் பட்டப் பெயர்கள். பதினொரு பேர், பெஞ்சில் ஐந்து பேர். யார் எவ்வளவு தூரம் 'வட்டத்துக்குள்' விட்டார்கள் என்பதற்கு எண். பேச வந்தவனை யார் முகம் திருப்பி அனுப்பினார்களோ அவர்களுக்கு 'தடுத்தது' கட்டத்தில் கோடு. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னவளுக்குத் தண்டனையாகப் பச்சை அட்டை. வானிலைக் கட்டத்தையும் விடவில்லை. அன்றைக்குச் சிரித்தவளுக்கு 'வெயில்', சிரிக்காதவளுக்கு 'மேகமூட்டம்'. மாதவிடாய் என்று அரை நாள் விடுப்பு கேட்டவளுக்கு என்ன எழுதியிருந்தது என்பதை நான் இங்கே எழுதமுடியாது. பெஞ்சில் கடைசிப் பெயர் 'ஸ்கோரர் அக்கா'. எனக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம்.

சுத்தமாக எழுதியிருந்தார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கூட்டல்கூடச் சரியாக. ஐந்து வருஷமாக என் தாளை நிரப்பச் சொல்லிக் கொடுத்தும் உங்கள் ஆட்களில் ஒருவரும் அவ்வளவு ஒழுங்காக நிரப்பியதில்லை.

அந்தத் தாளில் 7-ஆம் எண் தளி பக்கத்துப் பெண். வயது 19. எனக்கு அடுத்த கட்டில். ஞாயிறுதோறும் என்னோடு மைதானத்துக்கு வந்து ஸ்டாப்வாட்ச் பிடிப்பாள். பெனால்டி கார்னர் கொடுத்தால் கடிகாரத்தை நிறுத்தி 40 விநாடி எண்ணவேண்டும் என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். தாள் கம்பெனி பஸ்ஸுக்குள்ளும் போய்விட்டது. ஒருநாள் காலை ஐந்தரை ஷிஃப்ட் பஸ்ஸில் அவள் ஏறியதும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல், "இன்னைக்கு வானிலை எப்படி?" பஸ் முழுக்கச் சிரிப்பு. முதலில் அவளுக்குப் புரியவில்லை. என்னிடம்தான் வந்து கேட்டாள், "அக்கா, மழை வருமான்னு என்கிட்ட ஏன் கேக்கறாங்க?"

நான்தான் சொன்னேன். சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் அப்பா மொபெட்டில் வந்தார். பை ஒன்று, சுருட்டிய பாய், தலையணை, பக்கெட். பக்கெட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவர் ஓட்ட, பாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "படிக்க வைக்க வசதி இல்லைன்னுதான் அனுப்பினோம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். கிளம்பும்போது அவள் ஸ்டாப்வாட்சை என் கையில் கொடுத்தாள். கயிற்றைத் துவைத்து வைத்திருந்தாள்.

அவள் வேலையை விட்டதற்குப் பதிவேட்டில் எழுதியிருக்கும் காரணம், 'சொந்தக் காரணம்'.

பிப்ரவரி 2-ஆம் தேதி நான் புகார் கொடுத்தேன். சட்டப்படி விசாரணையை 90 நாளில் முடிக்கவேண்டும். அது மே 3-ஆம் தேதி முடிந்துவிட்டது. இன்றோடு 138 நாள். எண்ணுவது எனக்குப் பழக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த 138 நாளில் நடந்தது இவ்வளவுதான். முதலில் நிறுவனத்தில், "ஞாயிற்றுக்கிழமை, கேட்டுக்கு வெளியே, மைதானத்தில் நடந்தது, இது பணியிடமே இல்லை" என்றார்கள். நான் முன்பு சொன்ன அந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணியிடம் என்றால் என்ன என்று சொல்லும் பகுதியில் விளையாட்டு அரங்கமும் போட்டி நடக்கும் இடமும் பெயர் சொல்லியே வருகின்றன. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான். அச்செடுத்துக் கொடுத்தேன். பிறகு, "உன் பாதுகாப்புக்காக" என்று சொல்லி என்னை குவாலிட்டியிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள், ஷிஃப்டையும் மாற்றினார்கள். அதே காரணத்தைச் சொல்லி நீங்கள் என்னை ஸ்கோரர் மேசையிலிருந்து எடுத்தீர்கள். விசாரணை நடக்கும்போது இடமாற்றம் செய்ய 12-ஆம் பிரிவு வழி தருகிறது, உண்மை. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் எழுத்து மூலம் கேட்டால்தான். நான் கேட்கவில்லை. அதே பிரிவில் எதிர்த்தரப்பையும் மாற்றலாம் என்று இருக்கிறது. அந்த வரியை யாரும் படிக்கவில்லை போலும். கேன்டீன் சுவரில், இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் போஷ் கமிட்டியின் போர்டு இருக்கிறது. அதில் வெளி உறுப்பினர் என்று போட்டிருக்கும் எண்ணை அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்கிறது.

புகாருக்கு ஆளானவரோ போட்டிக் குழுவின் துணைத் தலைவராகவே தொடர்கிறார். போன ஞாயிறு பரிசுக் கோப்பையை அவர்தான் கொடுத்தார். ஹாக்கியில் பச்சை அட்டை வாங்கியவன்கூட 2 நிமிடம் வெளியே உட்காருகிறான். மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். இவர் 138 நாளில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

"பசங்க விளையாட்டுக்குச் செஞ்சதும்மா, பெருசு பண்ணாதே" என்று செயலாளர் சார் சொன்னீர்கள். விளையாட்டுக்கு என்று ஐந்து வருஷம் வேலை செய்தவள் நான்தான் சார். ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் இல்லாமல், சொந்தப் பேனாவில்.

கொஞ்சம் வேறு பேச்சும் பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடக்க விழாவிலும் 1980 மாஸ்கோ, நம் பாஸ்கரன் தலைமை, இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று மைக்கில் சொல்கிறீர்கள். எனக்கும் பெருமைதான். அதே மாஸ்கோவில்தான் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்கள் ஹாக்கி நடந்தது, நம் பெண்கள் நான்காவது வந்தார்கள் என்பதை ஒருவரும் சொன்னதில்லை. வந்தனா கட்டாரியா 2021 ஜூலை 31-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண். நான்கே நாளில் அரையிறுதியில் தோற்றதும் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். 2024 பிப்ரவரியில் பெண்கள் அணிப் பயிற்சியாளர் ஜேனக் ஸ்கோப்மன் தனக்கு மதிப்பில்லை என்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுப் பதவி விலகியபோது நம் லீக் வாட்ஸ்அப் குழுவில் என்ன போட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அழுகிற பொம்மை. வரிசையாகப் பதினான்கு.

இந்த மார்ச் 8-ஆம் தேதி எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ரோஜாவும் டிபன் பாக்ஸும் கிடைத்தன. ஓசூரில் ரோஜாவுக்குப் பஞ்சமா? அதோடு மகளிர் கோலப் போட்டி. அதற்கும் ஸ்கோரர் ஆண்தான்.

நான் பாலக்கோடு பக்கம். பெண் சிசுவைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு எங்கள் தருமபுரிக்கும் வந்தது. "தொட்டிலுக்குப் போகாம தப்பினவடி நீ" என்று பாட்டி கிண்டல் செய்வாள். எங்களை எண்ணிக் கணக்கு வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிது இல்லை. யார் எண்ணுகிறார்கள், எதற்கு எண்ணுகிறார்கள் என்பதுதான் எப்போதும் சிக்கல்.

சரி, போட்டிக்கு வருகிறேன். எனக்குப் பதில் உட்கார வைத்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பையன். ஆனால் ஜூன் 7 ஆட்டத்தின் தாளைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். முடிவு 3-2 என்று இருக்கிறது. ஐந்து கோல். நேரம் எழுதியிருப்பது நான்குக்கு. அதில் ஒன்று 63-ஆவது நிமிடம். நான்கு கால் பகுதி, பகுதிக்கு 15 நிமிடம். 63-ஆவது நிமிடம் எங்கிருந்து வந்தது? பெனால்டி ஸ்ட்ரோக்கைப் பெனால்டி கார்னர் என்று எழுதியிருக்கிறார். விட்டுப்போன ஐந்தாவது கோல் 41-ஆவது நிமிடத்தில், இடது பக்கத்திலிருந்து வந்த பந்தில், மட்டையைத் திருப்பி ரிவர்ஸில் அடித்தது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வேலிக்கு வெளியே, கரும்புச் சாறு வண்டிப் பக்கத்தில், நின்றுகொண்டே எழுதினேன். கழுத்தில் அவளுடைய ஸ்டாப்வாட்ச் இருந்தது.

போன டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்தைத் திரை கட்டிக் காட்டினீர்கள். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று இருந்து, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று ஜெயித்ததற்கு நாமெல்லோரும் சேர்ந்துதான் குதித்தோம். நான்காவது கோலுக்கு நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்து "எத்தனாவது நிமிஷம்?" என்று கேட்டீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பணிவாகக் கேட்கிறேன். விசாரணை முடிந்து முடிவு எழுத்தில் என் கைக்கு வரும்வரை துணைத் தலைவர் மேசைக்கும் மேடைக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களில் மூன்று பேர் எங்கள் நிறுவனத்திலேயே மேலாளர்களாக இருக்கிறீர்கள். விசாரணையை முடிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்ல உங்களால் முடியும். தளிப் பெண்ணுக்கு வேலையைத் திருப்பித் தருவதாக ஒரு கடிதம் போகட்டும். வருவதும் வராததும் அவள் இஷ்டம். என் நாற்காலி எனக்கு வேண்டும்.

நாளை முதல் ஆட்டம் நான்கு மணிக்கு. நான் மூன்றரைக்கு வந்துவிடுவேன். புதுத் தாள் கோடு போட்டு எடுத்து வருகிறேன், வானிலைக் கட்டத்தோடு. நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லீக்கின் ஸ்கோரர்