வானவில் தெருவுக்குப் பின்னே ஒரு துறைமுகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐஸ்லாந்து பற்றிய பயணக் கட்டுரையில் செய்டிஸ்ஃபியோர்டூர் ஊருக்கு வானவில் தெருவும் நீலத் தேவாலயமும் உள்ள ஒரு படத்தோடு முடித்துவிட்டீர்கள். மனசு ஆறவில்லை.

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழையும் இடத்தின் கடைக்கோடியில் இருக்கும் ஊர் அது. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீனைத் தேடி வந்த நார்வேக்காரர்கள், வீட்டுக்கான மரத்தைத் தங்கள் நாட்டிலேயே அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். இன்றும் நிற்கும் அந்த மரவீடுகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். 1906இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளிலிருந்து ஃபாரோ தீவுகள் வழியாக வந்த தந்திக் கேபிள் கரையேறியதும் இங்கேதான். அதுவரை ஐஸ்லாந்துக்கு வெளியுலகச் செய்தி பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது!

1944இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த 'எல் கிரில்லோ' எண்ணெய்க் கப்பல் இன்னும் அந்த நீருக்கடியில் கிடக்கிறது.

அந்த ஊருக்கு மலையும் ஆபத்துதான். 1885 பனிச்சரிவில் 24 பேர் இறந்தார்கள். 2020 டிசம்பரில் மண்சரிவு வந்து பழைய வீடுகள் சிலவற்றை அடித்துச் சென்றது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இதையெல்லாம் தனிக் கட்டுரையாகவே வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, தூத்துக்குடி