லாஸ்கோ காளையை எந்த விளக்கில் பார்த்தீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரான்ஸின் லாஸ்கோ குகை ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் காளைப் படத்துக்குக் கீழே ‘17,000 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே வண்ணம்’ என்று போட்டிருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடித்தது.

பெயிண்ட் கம்பெனி லேபில் முப்பது வருஷம் கலர் மேட்ச்சிங் பார்த்தவன் நான். கடை டியூப்லைட்டில் பார்த்து ஆசையாக வாங்கிப்போன மஞ்சளை வீட்டுக் குண்டு பல்பில் பார்த்துவிட்டு, ‘இது வேற கலர்’ என்று டப்பாவோடு திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். டப்பாவில் இருப்பது அதே மஞ்சள்தான்.

லாஸ்கோவிலும் இதே கதைதான். சிவப்பு என்பது ஹேமடைட், நம் காவிக்கல்லிலும் ரெட் ஆக்சைடு தரையிலும் இருக்கும் அதே இரும்பு ஆக்சைடு. மஞ்சள் என்பது கோதைட், அதுவும் ஒரு இரும்புத் தாதுதான்; 300 டிகிரி வாக்கில் சுட்டால் அதுவும் சிவப்பாகிவிடும். கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு. இவற்றின் மேல் அன்று விழுந்தது விலங்குக் கொழுப்பு எரித்த வெளிச்சம். சிவப்பு மணற்கல்லில் செதுக்கிய விளக்கு ஒன்று அந்தக் குகைக்குள்ளேயே கிடைத்திருக்கிறது. அந்தச் சுடரில் நீலம் ரொம்பக் குறைவு, கோதைட் விழுங்குவதோ நீலத்தைத்தான், விழுங்க நீலமே இல்லாவிட்டால் மஞ்சளுக்கும் வெளிறிய பாறைக்கும் வித்தியாசம் மங்கிப்போகும், சிவப்பும் கறுப்பும்தான் எடுப்பாக நிற்கும்.

இதைக் கணக்காகவே போடலாம். நிறமி ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்று தெரிந்தால் பூச்சு எப்படித் தெரியும் என்று சொல்லும் சூத்திரத்தை 1931இல் குபெல்கா, முங்க் என்ற இருவர் கொடுத்தார்கள். பெயிண்ட் மேட்ச் செய்யும் கம்ப்யூட்டர் இன்றும் அதை வைத்துத்தான் ஓடுகிறது. குகை நிறமிக்கும் பொருந்தும், ஆனால் அரைத்த பதத்தை விட்டுவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும்: ஒரே ஹேமடைட்டை மைபோல அரைத்தால் பளிச்சென்ற சிவப்பு, கொரகொரப்பாக விட்டால் ஊதா ஓடிய கருஞ்சிவப்பு. அப்புறம் ஈரம். மழையில் நனைந்த செம்மண் சுவர் எப்படிக் கறுத்துத் தெரியும்!

பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுத்ததால் 1963இல் குகையை மூடிவிட்டார்கள். நமக்குக் கிடைப்பது படங்களும் நகல்களும் மட்டுமே. அதனால் கேட்கிறேன், அடுத்தமுறை படத்தை எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று ஒரு வரி போடுங்கள். அச்சில் மஞ்சளையும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார்கள், பழைய கண்ணுக்கு அது தப்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கலர் மேட்ச்சிங்காரன்,
மதுரை.