மாதர் சங்க ஆண்டறிக்கை 2018: பெகு போய் வந்த வருஷம்

மரியே வாழ்க. நம் ரங்கூன் பங்குத் தந்தை அவர்களுக்கும், தலைவி அம்மாவுக்கும், பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கிற சகோதரிகள் எல்லோருக்கும் வணக்கம். வழக்கமான வேலைகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நீளமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, நாம் பெகு ஊர்ப் புத்தர் கோயில்களுக்குப் போய் வந்தது. அதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேச்சு வந்துவிட்டதால், நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதிவிட வேண்டும் என்று செயற்குழுவும் கேட்டுக்கொண்டது.

பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு எப்போதும்போல ஒரு பஸ் பிடித்துப் போய் வந்தோம். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்குப் பிறகு கஞ்சி கொடுத்தோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா நவநாளுக்குப் பூவும் பலகாரமும் நம் சங்கப் பொறுப்பு. அக்டோபரில் வீடு வீடாக ஜெபமாலை. ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கிறது, ஆனால் வருகிற பிள்ளைகள் குறைகிறார்கள். பள்ளியில் எல்லாம் பர்மிய மொழியாக இருப்பதால் அருள் நிறைந்த மரியே தமிழில் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்க வருவதில்லை. தாய்மார்கள் தயவுசெய்து அனுப்பி வையுங்கள். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார்.

இனி பெகு.

இது ஆரம்பித்ததே ஞாங்லேபினிலிருந்து திரும்பும் வழியில்தான். ரங்கூனிலிருந்து அந்தத் திருத்தலத்துக்குப் பெகு வழியாகத்தான் போக வேண்டும், போகும்போதும் வரும்போதும் அங்கே உள்ள ஷ்வேமாடோ புத்தர் கோயில் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். நம் சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர் பஸ்ஸில் எழுந்து நின்று, "நாப்பது வருஷமா இதை ஜன்னல் வழியாவே பார்த்துக்கிட்டு வர்றேன். ஒரு தடவை இறங்கித்தான் பார்ப்போமே" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் வாயைத் திறக்கவில்லை.

மே மாதக் கூட்டத்தில் இதை எடுத்தபோது நான்கு பேர் கடுமையாக மறுத்தார்கள். மாதர் சங்கம் போவதென்றால் மாதா கோயிலுக்குப் போகட்டும், புத்தர் கோயிலில் நமக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவர்கள் விசுவாசத்தின் பேரில்தான் கேட்டார்கள், அதை நான் மதிக்கிறேன். பங்குத் தந்தை அன்று நிதானமாகப் பேசினார். மற்ற மதங்களில் உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லியிருக்கிறது என்றார். அப்புறம் போன வருஷம் நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் ஊருக்கு வந்ததை நினைவுபடுத்தினார். நாமெல்லாம் இருட்டோடு எழுந்து போய் க்யைக்கசன் மைதானத்தில் பூசை கண்டோமே, அதே நாளில்தான் அவர் காபா ஏ புத்த மத மையத்துக்குப் போய் மூத்த பிக்குகளைச் சந்தித்தார். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, ஆனாலும் மனசுக்கு ஒவ்வாதவர்கள் வர வேண்டியதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதினோம். விருந்தாளியாகப் போகிறோம், யாரும் கும்பிடவும் வேண்டாம், கும்பிடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம் என்பது ஏற்பாடு. நம் வீடுகளில் இருக்கும் பர்மிய மருமகள்களையும் கூப்பிட வேண்டும் என்று சொன்னது நான்தான். சொன்னபோது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று நினைக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, 37 பேர், அதில் 6 பேர் மருமகள்கள். காலை ஐந்தரைக்கு வர வேண்டிய பஸ் ஏழு மணிக்கு வந்தது. பெகு 50 மைல்தான் என்றாலும் நகரத்தை விட்டு வெளியேறுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழியில் ஜெபமாலை சொன்னோம், மருமகள்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் ஷ்வேமாடோ. 374 அடி உயரம், நம் ரங்கூன் ஷ்வேடகோன் கோபுரத்தை விடவும் அதிகம். படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், தரை சுடும் என்று எச்சரித்திருந்தும் நிறையப் பேர் ஓட்டமும் நடையுமாகத்தான் போனோம். என் மனதைப் பிடித்தது கோபுரத்தின் உயரம் இல்லை, கீழே கிடக்கிற ஒரு பெரிய செங்கல் துண்டு. 1917 பூகம்பத்தில் உச்சியிலிருந்து விழுந்ததாம். 1930 மே மாதத்தில் வந்த பூகம்பம் மீதியையும் இடித்துவிட்டது. அதன்பின் ஜனங்கள் காசு கொடுத்து, கைவேலை செய்து 1954இல் முடித்த கோபுரம்தான் இப்போது நிற்கிறது. ஆனால் விழுந்த அந்தத் துண்டை அப்புறப்படுத்தாமல் அங்கேயே அடித்தளத்தோடு வைத்து அதன் முன்னாலும் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். உடைந்ததை மறைக்காத கோயிலை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோபுரத்தைச் சுற்றிப் பிறந்த கிழமைக்கு ஒரு மேடை இருக்கிறது. புதன்கிழமையைக் காலை, மாலை என்று பிரித்து மொத்தம் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி: திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், சனிக்கு நாகம். மருமகள்கள் அவரவர் கிழமையில் சிறு புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். நாங்கள் தள்ளி நின்றோம். அதில் சனிக்கிழமை பிறந்த ஒரு பெண், ஊற்றி முடித்துவிட்டுத் தன் மாமியாரை ஒரு பார்வை பார்த்தது. அதட்டுவார்களோ என்று பயந்த பார்வை. அதை நான் கவனித்தேன், வேறு சிலரும் கவனித்திருப்பார்கள்.

ஓரிடத்தில் சீட்டுக் கொடுக்கிற இளைஞர் நம் நிறத்தையும் சேலையையும் பார்த்துவிட்டு வெளிநாட்டார் கட்டணம் கேட்டார். நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கிற விஷயம். நாங்கள் பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடுவதற்குள் மருமகள்கள் ஆறு பேரும் முன்னால் போய், "இவங்க எங்க அம்மாக்கள்" என்று பர்மிய மொழியில் சொன்னார்கள். அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டு வழிவிட்டான்.

அடுத்தது ஷ்வேதல்யாங், படுத்திருக்கும் புத்தர். 180 அடி நீளம், தோள் பக்கம் 52 அடி உயரம். 994இல் கட்டியது என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1757இல் பெகு அழிந்தபின் காடு மூடி, இப்படி ஒரு சிலை இருப்பதே ஜனங்களுக்கு மறந்துபோய், வெள்ளைக்காரன் காலத்தில் 1880 வாக்கில் ரயில் பாதைக்கு மண்ணும் கல்லும் தேடித் தோண்டியபோதுதான் மறுபடி கண்டுபிடித்தார்கள். தோண்டியது இந்தியாவிலிருந்து வந்த காண்டிராக்டர் ஒருவர் என்று சொல்கிறார்கள். இத்தனை பெரிய உருவம் மண்மேடாகக் கிடந்திருக்கிறது என்று நினைக்கவே ஆச்சரியமாக இருந்தது.

சிலையின் முதுகுப் பக்கம் வரிசையாகக் கதை வடித்திருக்கிறார்கள். முன்பக்கம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், பின்னால்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைப் பெண்தான் ஒவ்வொரு சிற்பமாகக் காட்டிப் பர்மிய மொழியில் கதை சொன்னது, அதன் மாமியார் வயதானவர்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ராஜா வேறு தெய்வத்தைக் கும்பிடுகிறவர். அவர் மகன் வேட்டைக்குப் போன இடத்தில் புத்தரைக் கும்பிடும் ஒரு பெண்ணைப் பார்த்து ஆசைப்படுகிறான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் என் புத்தரைத்தான் கும்பிடுவேன், சம்மதமா என்று அவள் கேட்கிறாள். சம்மதம் என்று வாக்குக் கொடுத்துக் கூட்டி வருகிறான். ராஜாவுக்குத் தெரிந்ததும் இரண்டு பேருக்கும் மரண தண்டனை. அவள் புத்தரை நினைத்து வேண்ட, ராஜா கும்பிட்ட சிலை வெடித்துச் சிதறுகிறது. பயந்துபோன ராஜா மனம் மாறி இந்தப் பெரிய புத்தரைக் கட்டினார் என்று கதை முடிகிறது.

வாக்குக் கொடுக்கிற இடம் வந்தபோது மாமியாருக்குத் தமிழ் வரவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும், "என் மகனும் இதே வாக்குத்தான் குடுத்தான். காப்பாத்த விடாம பண்ணினது நான்தான்" என்றார். அவர்கள் வீட்டில் அந்தப் பெண் கொண்டு வந்த புத்தர் மாடம் ஏழு வருஷமாக அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் துணி சுற்றிக் கிடக்கிறது. இதை அவர் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என்னைப்போல இன்னும் நாலு பேர் இருப்பாங்க" என்றார். யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் தன் தாவணித் துணியை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சாப்பாடு அங்கே ஒரு சயாத்தில், அதாவது கோயில் சத்திரத்தில். புளிச்சோறு, அவித்த முட்டை, மருமகள்கள் பிசைந்து கொண்டு வந்த லப்பத் என்ற தேயிலை ஊறுகாய். அதற்கு மேல் அன்னங்கள் நிற்கும் குன்றுக்குப் போக நேரமில்லை. ஆண் அன்னத்தின் முதுகில் பெண் அன்னம் நிற்பதுதான் இந்த ஊரின் சின்னம். பர்மாவை ஆண்டவர்களில் பெண் என்று பேர் சொல்ல இருக்கும் ராணி ஷின் சோபு 15ஆம் நூற்றாண்டில் அரசாண்டதும் இந்தப் பெகுவில்தான். அடுத்த தடவை குன்றை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் தாவ்க்யான் யுத்தக் கல்லறையில் இறங்கினோம். நவம்பர் இறந்தோர் மாதம் என்பதால் தலைவி அம்மா வைத்த ஏற்பாடு. இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்து கல்லறை கிடைக்காமல் போன ஏறக்குறைய 27,000 படைவீரர்களின் பெயர்களைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் கீழே நம் பெயர்கள் இருக்கின்றன. விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தோம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது கால்நடையாக இந்தியாவுக்குக் கிளம்பி வழியிலேயே போய்விட்ட நம் பாட்டன் பாட்டிகளுக்கு ஒரு கல்லும் இல்லை. அவர்களையும் சேர்த்துத்தான் "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி" என்று சொன்னோம். மருமகள்கள் பக்கத்தில் கைகூப்பி நின்றார்கள், நாங்கள் யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பெகு போனதால் யாருடைய விசுவாசமும் குறையவில்லை, வர மறுத்தவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமும் இல்லை. செயற்குழுவின் சார்பில் ஒரு தீர்மானம் வைக்கிறேன்: இனி சங்கத்தின் எல்லாப் பயணங்களிலும் நம் வீட்டுப் பெண்கள், புத்த மதமோ இந்து மதமோ, விருப்பப்பட்டால் உறுப்பினர் கட்டணத்திலேயே வரலாம். விவாதம் வேண்டுமென்றால் இன்றைக்கே பேசிவிடலாம்.

பிப்ரவரி ஞாங்லேபின் பயணத்துக்குப் பெயர் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரியிலேயே அந்த மாமியாரும் மருமகளும் சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். நேற்று வரை 52 பெயர்கள். இரண்டாவது பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் மற்றவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிவதற்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள்.