கொள்ளிடக் கழிமுகப் படகுக் கட்டுமிடம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழையாறுப் பக்கத்து உப்பங்கழியில் 14 ஃபைபர் படகுகளுக்குக் கட்டுக்கல் (படகைக் கட்டி நிறுத்த நீரடியில் வைக்கும் கான்கிரீட் கல்) இறக்கும் வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. எதை ஏன் இப்படிச் செய்தோம், இனி யார் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் இங்கே.

இடம் பார்த்ததில்தான் அதிக நாள் போனது. முதலில் காட்டிய இடத்தில் கார்த்திகை மாதம் ஏழு அடி ஆழம் இருந்தது. அந்தக் கணக்கை நம்பவில்லை. நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியிலும் ஏற்றவற்றம் (கடல்நீர் ஏறி இறங்கும் அளவு) ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல் மட்டமே உயர்ந்திருக்கும், பங்குனியில் தாழ்ந்துவிடும். ஆற்று வெள்ளமும் சேர்ந்தால் மழைக்கால ஆழம் ஆளை ஏமாற்றும். பங்குனி அமாவாசை வற்றத்தில் மறுபடி அளந்தபோது அங்கே மூன்று அடிகூட இல்லை; இன்ஜின் காத்தாடி (படகைத் தள்ளும் விசிறி) சேற்றில் புதைந்திருக்கும். வளைவு தாண்டி நீரோட்டம் நேராகும் துண்டில் அதே நாளில் ஐந்து அடி நின்றது. அதையே எடுத்தோம். வளைவின் வெளிக்கரையில் ஆழம் இன்னும் அதிகம்தான், ஆனால் அங்கே கரை அரிக்கிறது. உட்கரையோ மேடு தட்டுகிறது.

அடிமண்ணைப் பத்தடி இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தோம். மேலே மூன்று அடி சேறு, கீழே மணல். வெறும் மணலில் வைத்த கல்லின் அடியை வெள்ளம் அரித்துக் கல்லைச் சாய்த்துவிடும். சேற்றில் கல் அமுங்கி அடியில் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே கல்லின் அடிப்பக்கத்தைக் குழிவாக வார்த்தோம்.

கல் ஒவ்வொன்றும் 3 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கரையில் எடை ஏறக்குறைய 900 கிலோ, தண்ணீருக்குள் 520 தான். கான்கிரீட் நீரில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை இழக்கும் என்பதை மறந்து கரை எடையை வைத்துக் கணக்குப் போடுவதுதான் வழக்கமான தவறு. வளையத்துக்கு 25 மி.மீ. கம்பியை வளைத்து, உள்கம்பிகளுக்கு அடியில் மாட்டி வார்த்தோம். கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீர் மட்டுமே, 28 நாள். செலவு மிச்சமாக உப்பங்கழித் தண்ணீரையே ஊற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். உப்பு உள்கம்பியைத் தின்னும் என்பதால் குழு ஒப்பவில்லை.

இறக்கியது இப்படி. வற்றத்தில் கல்லைக் கரையோரம் வைத்து, இரண்டு படகுகளைப் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி, குறுக்கே மரம் போட்டு இறுக்கிக் கட்டினோம். ஏற்றம் வந்ததும் படகுகளே கல்லைத் தூக்கிக்கொண்டன. குறித்த இடத்தில் இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே குரலுக்கு வெட்ட வேண்டும்; ஒரு பக்கம் முந்தினால் மறுபக்கத்துப் படகு கவிழும்.

கல்லிலிருந்து 20 மி.மீ. சங்கிலி 18 அடி, அதன்மேல் 12 மி.மீ. சங்கிலி 15 அடி, நடுவே ஒரு ஸ்விவல் (சங்கிலி முறுக்காமல் சுழலும் இணைப்பு). முடிவில் நைலான் கயிறு. படகு இழுப்பது நேராகச் சங்கிலியில் விழும்படி கட்டியிருக்கிறோம்; மிதவையாகக் கட்டிய நீலக் கேன் சங்கிலியைத் தாங்க மட்டுமே. கேனின் காதில் படகைக் கட்டாதீர்கள், காது பிய்ந்தால் படகு போய்விடும். மிதக்கும் பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம், காத்தாடியில் சுற்றும். கயிறு அணியத்தில் (படகின் முன்முனையில்) உரசும் இடத்தில் பழைய தோட்டக்குழாயை மாட்டுங்கள்.

முதல் தவணையில் வந்த ஷேக்கிள்களில் (சங்கிலியை இணைக்கும் U வடிவ வளையங்களில்) ஆறில் துத்தநாகப் பூச்சு நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது, திருப்பி அனுப்பினோம். துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிளை இந்தச் சங்கிலியோடு சேர்க்கக் கூடாது. உப்புநீரில் இரண்டும் சேர்ந்தால் சங்கிலிதான் அரிபடும். ஷேக்கிளின் குறுக்கு ஆணியை முறுக்கிய பிறகு கட்டுக்கம்பியால் கட்டாயம் கட்டுங்கள். கட்டாத ஆணி படகின் ஆட்டத்திலேயே கழன்றுவிடும்.

ஏற்றத்தில் ஒரு பக்கம், வற்றத்தில் மறுபக்கம் என்று படகுகள் சுற்றும். வாய்க்கால் குறுகலான மேல்பகுதியில் இருக்கும் நான்கு படகுகளுக்கு மட்டும் அணியத்திலும் அமரத்திலும் (பின்முனையிலும்) ஒவ்வொன்றாக இரண்டு கல். அந்த நான்கு பேரும் அமரக் கயிற்றைத் தளர விடாதீர்கள்.

தேய்வது பெரும்பாலும் சங்கிலி தரையைத் தொட்டுத் தொட்டு எழும் இடத்தில்தான்; கண்ணுக்குத் தெரியும் மேல்முனையைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14-க்குள், சங்கிலியைத் தூக்கிக் ஒட்டியிருக்கும் கொட்டலசை (ஓட்டுடைய சிறு கடலுயிர்) சுரண்டி, காலிப்பரால் அளக்கப்படும். 20 மி.மீ. 16-க்கும், 12 மி.மீ. 10-க்கும் வந்தால் மாற்ற வேண்டும் என்பது குழு முடிவு. கயிறு இரண்டு வருடம்தான், பார்வைக்கு நன்றாக இருந்தாலும்.

ஆற்றின் மேலே உள்ள அணைக்கரை அணையில் அதிகத் தண்ணீர் திறந்தால் ஆகாயத்தாமரையும் மூங்கிலும் அடித்து வரும். கயிற்றில் பந்தாகச் சேர்ந்தால் இழுப்பு பல மடங்காகும். காலையும் மாலையும் தள்ளிவிட ஆள் வேண்டும். முறைப்பட்டியல் ஏலக்கூடத்தில் ஒட்டியிருக்கிறது.

புயல் எச்சரிக்கைக்கு இந்தக் கல் போதாது. இன்ஜினைக் கழற்றிப் படகைக் கரையேற்றுங்கள், அல்லது உள்வாய்க்காலுக்குக் கொண்டு போங்கள். அலையாத்தி மரத்தில் கட்டாதீர்கள். வேரோடு வரும், மரமும் போகும்.

கல் எண் படகு எண்ணோடு பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளது. மாற்றிக் கட்டுபவர்கள் முன்கூட்டியே செயலாளரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு