இவ எந்த எஸ்டேட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் ஸ்பெஷல் பக்கத்துல பெருசா போட்டிருந்தீங்களே ஒரு தேயிலைத் தோட்டப் படம், அதைப் பத்திதான் எழுதுறேன். மினுமினுன்னு சேலை, தலை நிறைய மல்லிப்பூ, முதுகுல புத்தம்புது மூங்கில் கூடை, ஏஐல செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது, ஏன்னா கையில இருக்குறது தேயிலையே இல்ல, வெத்தலை. எங்கம்மா பாத்துட்டு "இவ எந்த எஸ்டேட்டு?"ன்னு கேட்டாங்க.

இங்க கோத்தகிரி பக்கம் காலைல செடியெல்லாம் பனில நனைஞ்சு கிடக்கும், இடுப்புல பிளாஸ்டிக் ஷீட்டை சுத்திக் கட்டாம உள்ள இறங்குனா சேலை ஊறிடும். மேல பழைய ஆம்பளை சட்டை, தலைல துண்டு. நிறைய இடத்துல இப்ப கையால கிள்றதே இல்லைங்க, கத்தரிதான், அதுலயே பெட்டி மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கும், வெட்டுன இலை அதுல விழும், அப்புறம் சாக்குல அமுக்கி எடை போடுற இடம் வரைக்கும் தலைல சுமந்துட்டு வரணும், இதுல மல்லிப்பூ எங்க வைக்கிறது?

உழைக்கிறவங்களை இப்படி அலங்காரம் பண்ணிக் காட்டுற பழக்கம் ரொம்ப பழசு. 18ம் நூற்றாண்டு பிரான்ஸ்ல பூஷேன்னு ஒரு ஓவியர், அவர் வரைஞ்ச ஆட்டுக்காரப் பொண்ணுங்க பட்டு கவுன் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. அந்த நாட்டு ராணி மரி அந்துவானெத் அதுக்கும் ஒரு படி மேல, 1783ல வெர்சாய் அரண்மனை தோட்டத்துக்குள்ளயே கிராமம் மாதிரி ஒண்ணு கட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம வியூ பாயிண்ட்ல கூடையும் டிரெஸ்ஸும் வாடகைக்கு வாங்கி போட்டோ எடுக்குறவங்களை பாக்கும்போது எனக்கு அந்த ராணி ஞாபகம்தான் வரும். (வாடகைக்கு விடுறவங்களை குத்தம் சொல்லல, அது அவங்க பொழப்பு.)

அழகா வரையவே கூடாதுன்னு சொல்ல வரல. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைல ரவிவர்மா 1889ல வரைஞ்ச இசைக்கலைஞர்கள் படம் இருக்கு, வேற வேற ஊரு, மதம், சாதிப் பொம்பளைங்க ஒண்ணா சேர்ந்திருப்பாங்க, அந்தக் காலத்துல எந்த வீட்டுல அப்படி சேரவிட்டிருப்பாங்க? இருந்தாலும் அது ஓவியம்னு தெரிஞ்சுதான் ரசிக்கிறோம். பேப்பர்ல வந்தா ஜனங்க நிஜம்னுல்ல நம்புது, டூர் வர்றவங்க எங்கம்மாகிட்டயே "கூடை இல்லையா"ன்னு கேக்குறாங்க. உள்ளதை வரைஞ்சாலும் சிலருக்கு ஆகாது, அது வேற கதை. அறுத்த வயல்ல சிந்துன கதிரை குனிஞ்சு பொறுக்குற மூணு பொம்பளைங்களை மில்லேங்கறவர் 1857ல வரைஞ்சு பாரிஸ்ல வெச்சப்ப வசதியானவங்க முகம் சுளிச்சாங்களாம்.

அதனால ஏஐ படம் போட்டா கீழ 'கற்பனைப் படம்'னு பெருசாவே போடுங்க சார். இல்லன்னா போட்டோகிராபரை அனுப்புங்க, கேட்டுட்டு எடுக்கட்டும், சரின்னு சொன்னா பேரையும் போடுங்க, 'தேயிலை பறிக்கும் பெண்கள்'னு மொட்டையா வேணாம். ஞாயித்துக்கிழமை மட்டும் வர வேணாம், அன்னிக்கு லீவு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோத்தகிரி